நாயிடம் சொன்னது

ரேஷன் கடையில் பில் போடுகிறவளுக்கு வேலையில் பாதி "இல்லை" என்று சொல்வதுதான். பாமாயில் இல்லை, சர்வர் இல்லை, உங்கள் ரேகை விழவில்லை, அடுத்த வாரம் வாருங்கள். கச்சிராயபாளையத்தை அடுத்த எங்கள் ஊரில் என்னைத் திட்டாத வீடு என்று ஒன்றைக் காட்ட முடியாது. நானும் சும்மா வாங்கிக்கொண்டு வருகிற ஆள் இல்லை. ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பித் தருவேன். அப்படிப்பட்ட நான், "வேண்டாம்" என்று சொல்லியே ஆக வேண்டிய ஒரே ஒரு இடத்தில் சொல்லாமல் விட்டேன். ஒரு டம்ளர் சுக்குக் காப்பி. அதில் போனது ஒரு வருஷம்.

கல்வராயன் மலையில் வருஷத்துக்கு ஒரு தடவை நூறு மைல் ஓட்டம் ஒன்று நடக்கிறது. மெட்ராஸ் பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறார்கள். நூறு மைல் என்றால் நூற்று அறுபது கிலோமீட்டர். வெள்ளிமலையில் கிளம்பி, காட்டுப் பாதை, மரவள்ளிக் கொல்லை, ஓடை, மேடு பள்ளம் என்று முப்பத்திரண்டு கிலோமீட்டர் சுற்றி மறுபடி வெள்ளிமலைக்கே வர வேண்டும். அப்படி ஐந்து சுற்று. சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் முடித்தாக வேண்டும்.

அதில் இரண்டு பிரிவு. ஒன்றில் வீட்டு ஆட்களைக் கூட வைத்துக்கொள்ளலாம். அவர்கள் சோறு தரலாம், கால் பிடித்துவிடலாம், கடைசிச் சுற்றில் ஒருவர் கூடவே ஓடிவந்து, வாய்விட்டுப் பேசி, தூங்கவிடாமல் இழுத்துக்கொண்டு போகலாம். இன்னொன்று தனியாள் பிரிவு. அதில் ஓட்டத்தை நடத்துகிறவர்கள் வழியில் போட்டிருக்கும் மேசைகளில் இருப்பதை மட்டும் எடுத்துச் சாப்பிடலாம். வெளியாள் ஒருவர் கையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் வாங்கினாலும் ஆட்டம் முடிந்தது. வெளியாள் கூட வரக்கூடாது, வழி சொல்லக்கூடாது, யோசனையும் சொல்லக்கூடாது. நான் சேர்ந்தது தனியாள் பிரிவில். துணைக்கு வருகிறவர் யார் என்ற கட்டத்தில் எழுத எனக்கு ஆள் இல்லை என்பது ஒரு காரணம். யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்காது என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரிய காரணம்.

நான் ஓட ஆரம்பித்தது சர்க்கரையால். எல்லைக்கோட்டில் இருக்கிறது, நட என்றார் டாக்டர். கோமுகி அணைக்கரையில் நடந்தேன். நடை அலுத்துப்போய் ஓடினேன். கரும்பு ஏற்றிய டிராக்டர்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள். ரேஷன் வாங்க வருகிறவர்கள், நேத்து உன்னை எந்த நாய் துரத்தியது என்று கேட்டுவிட்டு அரிசி வாங்கிக்கொண்டு போனார்கள். என் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. நம்ம வீட்டுப் பெண்கள் ஓடினால் வீடு பற்றிக்கொண்டு எரிகிறது என்று அர்த்தம் என்றார். நாற்பது வயதுக்கு மேல் சுடிதார் போட்டுக்கொண்டு கொல்லைமேட்டில் ஓடுகிறவளை வீட்டில் வைத்துக்கொண்டு, தன் மகளுக்கும் பேத்திகளுக்கும் எப்படி முகம் கொடுப்பது என்றார். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

முதல் தடவை போனபோது நூற்று இருபது கிலோமீட்டர் வரைக்கும் நன்றாகத்தான் ஓடினேன். நாலாவது சுற்றில், வெள்ளிமலைக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால், பாதை தார் ரோட்டைக் கடக்கிற இடத்தில் ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. நான் அங்கே வந்தபோது விடிந்து கொஞ்ச நேரம். என் கணவர் பைக்கை நிறுத்திவிட்டுக் கையில் பிளாஸ்க்கோடு நின்றார். டம்ளரில் ஊற்றி நீட்டினார். நான் வாங்கிக் குடித்தேன். ஓட்ட விதி எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த நேரத்தில் அது உதவி என்றே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் காப்பி சாப்பாட்டுக் கணக்கில் வராது. எதிரே ஆள் வந்தால் கொடுப்பதும், கொடுத்தால் குடிப்பதும் மூச்சு விடுவது மாதிரி. இரண்டாவது வாய் உள்ளே போனபோது எதிர்ப்பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். மெட்ராஸ்காரப் பெண், கழுத்தில் அட்டை, கையில் கத்தரிக்கோல். ரொம்ப மரியாதையாக "சாரிக்கா" என்று சொல்லி, என் நெஞ்சில் ஊக்கு குத்தியிருந்த நம்பர் துணியை ஓரத்தில் கத்தரித்தாள். என் கணவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

வீட்டுக்கு வருகிற வழியில் அவரை விட்டேனா? பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு மலை இறங்குகிற வரைக்கும் திட்டினேன். கடைசி வளைவில் அவர் பொறுக்க முடியாமல் உளறிவிட்டார். பிளாஸ்க் கொடுத்தனுப்பியது அவர் அம்மா. எதுவும் கொடுக்கக்கூடாதாம் என்று இவர் சொல்லியிருக்கிறார். கொடுத்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்டிருக்கிறார். வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் அவர் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்து சுக்கு தட்டியிருக்கிறார். இதைக் கேட்டும் ஒன்றும் புரியாமல் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நாற்பது வளைவு ஏறி வந்த மனிதனை என்னவென்று சொல்வது.

அன்றைக்கு நின்றது எனக்கும் மாமியாருக்கும் பேச்சு.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பெண்களுக்குப் பேச்சு நின்றால் வாய் நின்றுவிடாது. ஜாடை பேச்சு ஆரம்பமாகும். எனக்குச் சொல்ல வேண்டியதை அவர் கோழியிடம் சொல்வார். "ஏ கோழி, கடல்ல கெடந்த உப்பெல்லாம் இன்னிக்கி கொழம்புலதான் கெடக்குது." நான் என் பதிலை குக்கரிடம் சொல்வேன். பிடிக்காவிட்டால் விசில் அடிக்காமல் கிட என்பேன். நடுவில் என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். இதற்கு ஒரு நியாயம் உண்டு. யாரும் நேராகத் திரும்பிப் பதில் சொல்லக்கூடாது. சொன்னால் அந்தச் சொல் தனக்குத்தான் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், தோற்றதாகவும் ஆகிவிடும். பன்னிரண்டு மாதம் நாங்கள் இரண்டு பேரும் தோற்கவில்லை. கோழிக்கும் குக்கருக்கும்தான் காது புளித்திருக்கும்.

ஊரில் அவர் வேறு கதை பரப்பியிருந்தார். காப்பியால் ஒன்றும் இல்லை, அவளால் ஓட முடியவில்லை, நின்றுபோக ஒரு சாக்கு வேண்டியிருந்தது, காப்பி மேல் பழியைப் போட்டுவிட்டாள் என்று. கடைக்கு வருகிற பெண்கள் இதை என்னிடமே சொன்னார்கள். சர்க்கரை நிறுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டேன். ஓட முடியாதவள் என்று சொன்னதுகூடப் பரவாயில்லை. பொய் சொன்னவள் என்று ஆகிவிட்டதுதான் எரிந்தது. இதை ஒரே விதமாகத்தான் தீர்க்க முடியும். மறுபடி போய், யாரிடமும் எதுவும் வாங்காமல், முடித்துவிட்டு வர வேண்டும். முடிக்காவிட்டால் அவர் சொன்னதுதான் ஊருக்கு உண்மை.

அடுத்த வருஷ ஓட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால், என் கணவரை ஏரிக்கரை அய்யனார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த இரண்டு நாளும் மலைப் பக்கம் தலைவைக்க மாட்டேன் என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். உள்ளங்கை சுட்டது என்று முனகிக்கொண்டே பண்ணினார். அவர் அம்மாவிடமும் சத்தியம் வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊர் எல்லை தாண்டி கள்ளக்குறிச்சிக்குப் போகவே நாலு நாள் யோசிக்கிற மனுஷி அவர். பஸ்ஸில் வளைவு ஏறினால் வாந்தி எடுப்பார்.

ஜனவரி மாதக் குளிரில் ஓட்டக்காரர்கள் எல்லாரும் வெள்ளிமலையில் கிளம்பினோம். மற்றவர்கள் எல்லாம் கையில் இரண்டு குச்சி, கண்ணாடி, பளபளவென்று பை என்று இருந்தார்கள். தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். என்னிடம் ஒருவர் மட்டும், நீங்கள் மேசைக்குச் சமைக்க வந்தவர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்தச் சொல்லை எனக்குச் சொல்லத் தெரியும்.

முதல் சுற்று சுலபம். இரண்டாவது சுற்றில், மத்தியான வெயிலில், ஒரு மலைக் கிராமத்து ஓரத்தில் மரவள்ளிக் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். கையில் சொம்பு. பொம்பள இப்படி வெயிலில் ஓடுகிறாளே என்று அவருக்குப் பாவமாக இருந்திருக்கிறது. நான் கும்பிட்டு, வேண்டாங்க, வாங்கக்கூடாது என்றேன். வாங்கக்கூடாது என்றால் என்ன என்று கேட்டார். சட்டம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"எங்க கையால குடுத்தா குடிக்க மாட்டீங்களா? கீழ் நாட்டுக்காரங்க எப்பவும் இப்படித்தான்."

இல்லைங்க, அது இல்லைங்க என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சொம்பைக் கவிழ்த்துத் தண்ணீரை என் காலுக்கு முன்னால் ஊற்றிவிட்டுத் திரும்பிப் போனார். அவருக்குத் தெரிந்த சட்டம் வேறு. அந்தச் சட்டத்தில் மலைக்காரர் கைத் தண்ணீரைக் குடிக்காத கீழ்நாட்டுக்காரர்களை அவர் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார். நின்று விளக்க எனக்கு நேரம் இல்லை. மூன்றாவது சுற்றில் அந்த வழியாக வந்தபோது அவர் தன் வீட்டு வாசலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. ஒருநாள் போய் அவர் வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டுக் குடிக்க வேண்டும். இதுவரைக்கும் போகவில்லை.

ராத்திரியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. குளிர், இருட்டு, தலையில் கட்டிய விளக்கு, இரண்டு தடவை வாந்தி. விடிந்தது.

நாலாவது சுற்றில் அந்த பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது மணி ஏழரை இருக்கும். போன வருஷம் என்னைக் கவிழ்த்த இடம் என்பதால் தூரத்திலிருந்தே பைக் நிற்கிறதா என்று பார்த்தேன். பைக் இல்லை. நிழற்குடைக்குள் சிமெண்ட் பெஞ்சில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். மடியில் மூன்றடுக்கு டிபன் கேரியர். பக்கத்தில் ஒரு செவலை நாய்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. முதல் பஸ் பிடித்து, வளைவெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு, மறுபடி என்னைக் கெடுக்க வந்திருக்கிறார். மகன்தானே சத்தியம் பண்ணினான், நான் பண்ணவில்லையே என்று வந்திருக்கிறார். டப்பாவைத் திறந்து என் கையில் ஒரு உருண்டையைத் திணித்தால் போதும், நூற்று இருபது கிலோமீட்டரும் வீண். நான் ரோட்டின் எதிர் ஓரத்துக்குப் போய், புதரை உரசிக்கொண்டு, கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நாயைப் பார்த்தார்.

"வெக்கங்கெட்ட நாயி. ராத்திரியெல்லாம் மல மலயா சுத்திட்டு இப்பதான் வருது. இதுக்கு வூடு ஒரு கேடு."

மேசையில் போன வருஷத்துப் பெண்ணே உட்கார்ந்திருந்தாள். கேரியரைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். அக்கா, அவங்க உங்க சொந்தமா என்று கேட்டாள். அவங்களுக்கும் எனக்கும் பேச்சே கிடையாது என்றேன். அது உண்மை. அவளுக்கு அது போதவில்லை, ரோட்டைத் தாண்டிப் போய் அவரிடமே கேட்டாள். மாமியார் சொன்னது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது.

"அவ யாரோ, நான் யாரோ. பஸ்ஸுக்கு ஒக்காந்துகினு இருக்கேன். ஏம்மா, ஒக்காரக்கூடாதா?"

இருபத்திரண்டு வருஷம் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றவர். அந்தச் சொல்லால்தான் என் நம்பர் தப்பியது, ஆனாலும் கேட்டபோது சுருக்கென்றது. அந்தக் கோபத்திலேயே மீதி எட்டு கிலோமீட்டரையும் ஓடினேன். நாலாவது சுற்றை ஒன்பது மணிக்கு முடித்தேன். கையில் இருந்தது எட்டு மணி நேரம்.

ஐந்தாவது சுற்று எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. வயிறு எதையும் ஏற்கவில்லை. இனிப்பைப் பார்த்தாலே குமட்டியது, அதனால் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனேன். விரல்கள் வீங்கி மோதிரம் வெட்டியது. இரண்டு கால் நகம் ஷூவுக்குள் தனியாகக் கழன்று உருண்டது. ஏற்றத்தில் நாலு அடிக்கு ஒரு தடவை நின்றேன். இறக்கத்தில் பின்பக்கமாக நடந்தேன். மறுபடி அந்த பஸ் நிறுத்தம் தெரிந்தபோது மணி மூன்று பத்து.

அவர் அங்கேயே இருந்தார். காலையிலிருந்து அதே பெஞ்ச். அதே நாய்.

நான் எதிர்ப்பக்கம், மேசைக்குப் பக்கத்தில் ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் இனி எழுந்திருக்கப் போவதில்லை என்று தெரிந்தது. முழங்கால் மடங்கவில்லை. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. அந்தப் பெண், எட்டு கிலோமீட்டர்தான் இருக்கிறது அக்கா, என்ன பண்றீங்க என்று கேட்டாள். அவள் வேலை கேட்பதும் குறிப்பதும்தான். நான் நெஞ்சிலிருந்த நம்பர் துணியின் ஊக்கைக் கழற்றத் தொடங்கினேன். நாலு ஊக்கு. விரல் வீங்கியிருந்ததால் ஒவ்வொன்றுக்கும் நேரம் ஆனது. போன வருஷமாவது கத்தரித்தார்கள். இந்த வருஷம் நானே கழற்றுகிறேன் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. இரண்டு ஊக்கு கழன்றது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் டிபன் கேரியர் திறக்கிற சத்தம் கேட்டது. புளிச்சோற்று வாசனை வந்தது. மாமியார் ஒரு அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு நேர் எதிராக உட்கார்ந்து, சாப்பிட ஆரம்பித்தார். ஒரு உருண்டை, இரண்டு உருண்டை, நிதானமாக. நாய் எழுந்து வாலை ஆட்டியது. அவர் நாயைத் திட்டினார். அந்த ரோடு முழுக்கக் கேட்கிற சத்தத்தில் திட்டினார்.

"இன்னா பாக்குற? உனுக்கு இதுல ஒரு பருக்க கெடையாது. போன வருசம் ஒரு டம்ளர் காப்பி குடுத்தேன். நல்லா குடிச்சிட்டு ஒரு வருசமா மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு திரியுது ஒரு நாயி. நான்தான் கெடுத்தேனாம். ஆமா, கெடுத்தேன். வூட்டுக்கு வரட்டும்னுதான் குடுத்தேன். இப்ப யாரு கெடுக்குறா? காலையிலருந்து ஒரு வாய் குடுக்காமதான ஒக்காந்துகினு இருக்கேன்."

நாய் காலடியில் படுத்தது. அவர் விடவில்லை.

"கை காலெல்லாம் வீங்கிக் கெடக்குது, ஒதடு வெளுத்துப் போச்சி. வெறுந் தண்ணிய மொடா மொடாவா குடிச்சா அப்படித்தான் ஆவும். ஒடம்புல உப்பு கம்மி. அந்தப் பொண்ணு மேசையிலயே உப்புப் போட்ட கெழங்கு இருக்கு. நாய்க்கு கண்ணு இருந்தாதான தெரியும். நாலு கெழங்கத் தின்னுட்டு எழுந்தா, நடந்தாலே போயிரலாம். காலையிலருந்து அந்தப் பொண்ண கேட்டுக்கினு இருக்கேன், எனக்கே கணக்குத் தெரியுது."

மேசைப் பெண் என்னிடம் குனிந்து, அந்தப் பாட்டி பாவம் அந்த நாயைப் போட்டு எப்படித் திட்டுறாங்க பாருங்க என்றாள். அவளுக்கு நல்ல தமிழ் தெரியும். ஆனால் மாமியார் இருக்கிற வீட்டில் அவள் இன்னும் வாழவில்லை.

நான் மேசையைப் பார்த்தேன். ஒரு தட்டில் வேகவைத்த உருளைக்கிழங்கு, மேலே கல் உப்பு. மூன்று சுற்றாக அதே தட்டுதான் இருந்திருக்கிறது. இனிப்பு வாசனைக்குப் பயந்து நான் எந்த மேசையிலும் தண்ணீரைத் தவிர வேறு எதையும் பார்க்கவே இல்லை.

கடைசியாக அவர் கேரியரை மூடிக்கொண்டே சொன்னார்.

"நாலு மணிக்கு பஸ்ஸு. ஏறுறதுன்னா எங்கூட ஏறு. ஊருல எறங்கி மொத வூட்டுலருந்து சொல்லிக்கினு போவேன். என் காப்பி மேல ஒரு குத்தமும் இல்ல, இதுக்கு ஓடத் தெரியலன்னு."

அவரைக் கொன்றுபோட வேண்டும் போல் இருந்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. வாய் திறந்து நான் பதில் சொன்னால், வழி சொல்லவும் யோசனை சொல்லவும் எனக்கு ஆள் இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும், கத்தரிக்கோல் வந்துவிடும். கையை நீட்டி ஒரு கிழங்கை எடுத்து வாயில் போட்டேன். உப்பு நாக்கில் பட்டதும் உடம்பு முழுக்க அதைக் கேட்டது. ஏழோ எட்டோ தின்றேன். இன்னும் கொஞ்சம் உப்பைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தேன். கழற்றிய இரண்டு ஊக்கையும் மறுபடி குத்தினேன். எழுந்தபோது மணி மூன்று இருபத்தைந்து.

ரோட்டைத் தாண்டும்போது அவர் பெஞ்சுக்கு மூன்றடி தூரத்தில் போனேன். அவர் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாதையைப் பார்த்துக்கொண்டு போனேன். என்னைவிட அவர் முகம்தான் வெளுத்திருந்தது என்பது அரைக் கிலோமீட்டர் போன பிறகு நினைவுக்கு வந்தது. சேலை முந்தானையில் வாந்திக் கறை இருந்தது.

நடந்தேன். பிறகு ஓடினேன். அதை ஓட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் கால் ஒன்றன் முன் ஒன்றாக விழுந்தது. ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி முதல் வீட்டில் அவர் வாயைத் திறக்கிற காட்சியை நினைத்துக்கொண்டே ஏறினேன். பின்னால் நாலு மணி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. வெள்ளிமலையில் கோட்டைத் தாண்டியபோது மணி நாலு நாற்பத்தெட்டு. கை தட்டினார்கள். நான் சமைக்க வந்தவளா என்று கேட்ட ஆள் குச்சி இரண்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டினார்.

நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். தனியாள் பிரிவில் முடித்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். மேசைகளில் பெற்றது தவிர வெளியாள் யாரிடமிருந்தும் உணவோ, துணையோ, யோசனையோ பெறவில்லை என்று தமிழிலும் இங்கிலீஷிலும் இருந்தது. யோசனை என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரேகை விழவில்லை என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் நான். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல் என்று தெரியும், அந்த அட்டை அவருடையதுதான் என்றும் தெரியும், ஆனாலும் மெஷின் ஒத்துக்கொள்ளாவிட்டால் அரிசி கிடையாது. சட்டம் என்றால் சட்டம். அப்படிப் பேசுகிறவள், நடந்ததை அந்தப் பெண்ணிடம் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அங்கே உட்கார்ந்திருந்தது என் மாமியார், நாய்க்குச் சொன்னதெல்லாம் எனக்கு, கிழங்கை அவர் சொல்லித்தான் தின்றேன். சொல்லியிருந்தால் என் பெயரை அடித்திருப்பார்கள். பெயர் போவதைக்கூட ஒருவேளை தாங்கியிருப்பேன். அவரால்தான் முடித்தேன் என்று என் கையால் எழுதிக் கொடுக்க என்னால் முடியாது. கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது ராத்திரி ஒன்பது. என் கணவர் வாசலில் நின்றார். முடித்துவிட்டேன் என்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு, அம்மாவும் இன்றைக்கு விடியற்காலையிலேயே எங்கோ கோயிலுக்குப் போயிட்டு இப்பதான் வந்து படுத்தது, எந்தக் கோயில் என்று கேட்டால் சொல்ல மாட்டேங்குது என்றார். நான் குனிந்து ஷூவைக் கழற்றினேன். உள்ளே மாமியார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கேரியர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

மறுநாள் கடையில் விஷயம் பரவியது. முடித்துவிட்டாயாமே என்று கேட்டுவிட்டு வழக்கம்போல் அரிசி மட்டம் என்று திட்டினார்கள். காப்பிக் கதையை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. மாமியார் ஊரில் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் கோழியிடம்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. குழம்பில் உப்பைப் பற்றி மட்டும் சொன்னார். நான் குக்கரிடம் பதில் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்துச் சான்றிதழ் தபாலில் வந்தது. என் கணவர் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். தனியாக, எவர் துணையும் இன்றி முடித்தவர் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் மாமியார் தினமும் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார். அந்த எழுத்தில் இருப்பது பொய் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் பேச்சுவார்த்தை கிடையாது.